14.6 அடி என்று டைப் செய்யலாமா? வீட்டு பிளான் மென்பொருள்: கேள்வி-பதில்

கட்டப்போகும் வீட்டின் பிளானைத் தாங்களே கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கிறவர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல விஷயம். இன்ஜினியர் எதிரில் உட்காரும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அளவு சம்பந்தப்பட்டவை. அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இன்ஜினியர் காகிதத்தில் ஹால் 14.6, பெட்ரூம் 13.3, சுவர் 0.9 என்று எழுதித் தந்தார். அப்படியே வரைந்தேன். வீட்டின் அகலம் 30 அடி வர வேண்டும், அரை அடிக்கு மேல் கூடுதலாக வருகிறது. மென்பொருளில் கோளாறா? (மடிப்பாக்கம்)

மென்பொருள் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. நம் ஊரில் காகிதத்தில் 14.6 என்று எழுதினால் 14 அடி 6 இன்ச் என்று இன்ஜினியருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது 14 அடியும் பத்தில் ஆறு பங்கு அடியும். அதாவது 14 அடி 7.2 இன்ச். சுவருக்குப் போட்ட 0.9 அடியும் 9 இன்ச் ஆகாது, 10.8 இன்ச் ஆகும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 14 அடி 6 இன்ச், 13 அடி 3 இன்ச், அப்புறம் மூன்று 9 இன்ச் சுவர்கள் சேர்த்து 2 அடி 3 இன்ச். கூட்டினால் சரியாக 30 அடி. அதையே புள்ளி வைத்த எண்ணாகக் கூட்டினால் 14.6 + 13.3 + 2.7 = 30.6. அதாவது 30 அடி 7.2 இன்ச். அந்த 7.2 இன்ச் பக்கத்து மனைக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். பிளான் அப்ரூவலில் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான்.

இதைவிட மோசமானது 9.11. அதை அப்படியே அடித்தால் 9 அடி 1.3 இன்ச் ஆகி, கிட்டத்தட்ட 10 இன்ச் காணாமல் போகும். 10.10 என்றால் 10 அடி 1.2 இன்ச்தான். இப்படிப்பட்ட அளவு ஒன்றிரண்டு கூடியும் ஒன்றிரண்டு குறைந்தும் வந்து, மொத்தம் ஏறக்குறைய சரியாக இருப்பதுபோலத் தெரிந்துவிட்டால் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் யூனிட்ஸ் (அலகு) கட்டளைக்குப் போய் ஆர்கிடெக்சரல் (அடி-இன்ச் முறை) என்று வையுங்கள். பிறகு அடிக்கு ஒற்றை மேற்கோள் குறி போட்டு 14'6 என்று அடியுங்கள். குறி போடாமல் 14.6 என்று அடித்தால் அதை 14.6 இன்ச் என்று எடுத்துக்கொள்ளும். முப்பரிமாண மாடல் செய்யும் ஸ்கெட்ச்அப்பில் அடி-இன்ச் டெம்பிளேட்டிலும் இதே பழக்கம்தான். வீட்டு பிளான் வரையும் இன்னொரு மென்பொருளான ஸ்வீட் ஹோம் 3டியில் விருப்பத்தேர்வுகளில் அலகை அடி-இன்ச் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வரைந்துவிட்ட பிளானை ஸ்கேல் செய்து சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சுவரும் வேறு வேறு அளவுக்குத் தப்பியிருக்கிறது. சுவர் சுவராகத்தான் திருத்த வேண்டும். மனதுக்குச் சிரமமாக இருந்தாலும் வேறு வழி இல்லை.

ஸ்வீட் ஹோம் 3டியில் 10-க்கு 12 அறை வரைந்தேன். உள்ளே அளந்தால் 9 அடி 3 இன்ச்சுக்கு 11 அடி 3 இன்ச்தான் இருக்கிறது. (அம்பத்தூர்)

அந்த மென்பொருள் சுவரை அதன் நடுக்கோட்டில் வரைகிறது. நீங்கள் 10 அடி என்று கொடுத்தது ஒரு சுவரின் நடுவிலிருந்து எதிர்ச் சுவரின் நடு வரை. இரண்டு பக்கமும் 9 இன்ச் சுவர் என்றால் உள்பக்கம் ஆளுக்கு நாலரை இன்ச் போய்விடும். உள்ளே 10-க்கு 12 வேண்டுமென்றால் 10 அடி 9 இன்ச், 12 அடி 9 இன்ச் என்று வரையுங்கள். ஒரு பக்கம் 9 இன்ச், மறுபக்கம் நாலரை இன்ச் பார்ட்டிஷன் என்றால் கூட்ட வேண்டியது ஆறே முக்கால் இன்ச்.

அதோடு பூச்சையும் சேர்த்து யோசியுங்கள். பிளானில் போடுவது வெறும் செங்கல் அளவு. உள்பூச்சு பொதுவாக 12 மில்லிமீட்டர். இரண்டு சுவரிலும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு இன்ச் குறையும். பாத்ரூம் என்றால் டைல்ஸும் அதற்கு ஒட்டும் கலவையும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கட்டிலுக்கும் வார்ட்ரோபுக்கும் நடுவே நடக்க 2 அடி இருக்கிறது என்று திரையில் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. மாடுலர் கிச்சனுக்கு பிளான் அளவைக் கொடுத்து ஆர்டர் போடாதீர்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து கொடுங்கள்.

ஸ்கெட்ச்அப்பில் சென்னையை இடமாக வைத்து மே மாதம் நண்பகலுக்கு நிழல் போட்டால், நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது. சூரியன் தெற்கில்தானே இருக்கும்? வடக்கைத் தலைகீழாக வைத்துவிட்டேனா? (நங்கநல்லூர்)

இல்லை, நீங்கள் எல்லாவற்றையும் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. நடுவில் உள்ள அத்தனை நாளும் நண்பகல் நிழல் தெற்கில்தான் விழும். அந்த மாதங்களில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு வைத்து நீங்களே பார்க்கலாம்.

இடத்தைக் குறிக்காமல் விட்டால் ஸ்கெட்ச்அப் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்தை வைத்துக் கணக்குப் போடும். அது 40 டிகிரி வடக்கில் இருப்பதால், நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கிலேயே விழும். ஜூனில்கூட நிழல் வடக்கே போனால் இடம் மாறவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நேர மண்டலத்தையும் 5:30 கூடுதல் என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நிழல் வசதியைப் படம் அழகாக வருவதற்காக மட்டும் பயன்படுத்துவது வீண். நம் ஊர் வெயிலுக்கு இதைவிட உபயோகமான கருவி அந்த மென்பொருளில் இல்லை. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு வைத்தால் அப்போது அதற்குக் கீழே சுமார் 2 அடி 8 இன்ச் வரை நிழல் கிடைக்கும். ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கில், உச்சியிலிருந்து 10 டிகிரிதான் சரிந்திருக்கும். அப்போது வடக்கு ஜன்னலுக்குச் சின்ன சன்ஷேடே போதும். ஆனால் அதே நாள் மாலை 4 மணிக்கு வைத்துப் பாருங்கள். வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக வரும், மேற்குச் சுவர் முழுக்கச் சுடும். பெட்ரூமை அங்கே வைப்பதா, படிக்கட்டையும் பாத்ரூமையும் அங்கே தள்ளுவதா என்பதை இந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வடக்கைக் குறிக்க செல்போன் காம்பஸைப் பயன்படுத்தினால், கம்பி கட்டியிருக்கும் இடத்திலிருந்தும் நிறுத்தியிருக்கும் வண்டியிலிருந்தும் தள்ளி நின்று பாருங்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் காட்டும் திசை தப்பும்.

சர்வேயர் தந்த ஆட்டோகேட் கோப்பை ஸ்கெட்ச்அப்பில் கொண்டுவந்தால் கோடுகள் நடுங்குகின்றன, சுற்றிப் பார்த்தால் பாதி மாடல் மறைந்துவிடுகிறது. (கொளத்தூர்)

சர்வேயர் ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளோடு வரைந்திருப்பார். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் சென்னை 44-ஆம் மண்டலத்தில் வருகிறது. இங்கே ஒரு மனையின் மூலை கிழக்கில் 4 லட்சத்துச் சொச்சம் மீட்டர், வடக்கில் 14 லட்சத்துச் சொச்சம் மீட்டர் என்று இருக்கும். மில்லிமீட்டரில் எழுதினால் கோடிக்கணக்கு. உங்கள் வீடு அந்தத் தொலைவில் போய் நிற்கிறது. அவ்வளவு பெரிய எண்களோடு திரையில் படம் காட்டும்போது நுணுக்கம் போய்விடுகிறது, கோடு நடுங்குகிறது. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளிலும் இதே தொல்லை உண்டு.

கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, ஆட்டோகேட்டிலேயே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மனையின் ஒரு மூலையை 0,0-க்கு நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன் அந்த மூலையின் உண்மையான எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வே கற்களோடு பிறகு ஒப்பிட அது வேண்டும். இறக்குமதி செய்யும்போது அலகு மீட்டர் என்று கொடுத்த பிறகு, பட்டாவோடு கூட வரும் எஃப்எம்பி ஸ்கெட்ச்சில், அதாவது நில அளவை வரைபடத்தில், இருக்கும் ஒரு பக்கத்தின் நீளத்தை அளந்து பொருத்துங்கள். பரப்பையும் பார்த்துவிடுங்கள். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

பிடிஎஃப்-ஐ ஜெராக்ஸ் கடையில் ஏ3 பிரிண்ட் எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எந்த அளவும் பொருந்தவில்லை. (பெரம்பூர்)

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். கடையில் பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஃபிட்’ என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். பிரிண்டர் ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, ஏ1 தாளுக்காக வரைந்த பிளானை ஏ3-இல் எடுத்திருந்தால் நீளம் சரிபாதி ஆகும். 1:100 என்று எழுதியிருப்பது உண்மையில் 1:200 ஆகிவிடும். மூன்றாவது, அடிக்கு 1/8 இன்ச் என்பதும் 1:100 என்பதும் ஒன்று என்று நினைப்பது. அடிக்கு 1/8 இன்ச் என்றால் 1:96. பத்தடிச் சுவர் அதில் 31.75 மில்லிமீட்டர் வரும், 1:100-இல் 30.5 மில்லிமீட்டர் வரும்.

ஒவ்வொரு ஷீட்டிலும் ஓர் ஓரத்தில் 5 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். 1:100-இல் அது காகிதத்தில் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அதை அளந்து பாருங்கள். எது எப்படி இருந்தாலும், சைட்டில் மேஸ்திரியும் கொத்தனாரும் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பிரிண்ட் மேல் டேப் வைத்து அளக்க விடாதீர்கள்.

வரைந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டது. கோப்பு திறக்க மறுக்கிறது. (தாம்பரம்)

பதறி அதன் மேலேயே மறுபடி சேவ் செய்யாதீர்கள். ஆட்டோகேட் என்றால் அதே ஃபோல்டரில் பிஏகே என்று முடியும் கோப்பு இருக்கும். அதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, கடைசி எழுத்துகளை ஆட்டோகேட் பிளான் கோப்புக்கான டிடபிள்யூஜி என்று மாற்றித் திறங்கள். அது கடைசியாகச் சேவ் செய்ததற்கு முந்தைய நிலை. அதைவிடப் புதியது வேண்டுமானால் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் எஸ்வி என்ற எழுத்துகளோடு டாலர் குறி சேர்ந்து முடியும் தானியங்கிச் சேமிப்பைத் தேடி, அதையும் இதே மாதிரி பெயர் மாற்றுங்கள். திறந்ததும் கோப்பில் உள்ள பிழைகளைத் திருத்தும் ஆடிட் கட்டளை கொடுங்கள். தானியங்கிச் சேமிப்பு இடைவெளி 10 நிமிடம் என்று வரும். மழைக்காலத்தில் 5 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் வைத்திருக்கிறவர்களுக்கு யூபிஎஸ் அவசியம், அதில் பேச்சே இல்லை.

பென் டிரைவில் வந்த ஒரு பிளான் ஃபோல்டரைத் திறந்ததிலிருந்து ஆட்டோகேட்டில் எக்ஸ்ப்ளோட் (சேர்ந்திருக்கும் படத்தைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரிக்கும் கட்டளை) வேலை செய்யவில்லை. எல்லா ஃபோல்டரிலும் ஏகேட்டாக்.எல்எஸ்பி என்று ஒரு கோப்பு முளைக்கிறது. (சோழிங்கநல்லூர்)

அது ஆட்டோகேட்டுக்கென்றே எழுதப்பட்ட வைரஸ். அந்தப் பெயரில் உள்ள கோப்பு பிளான் இருக்கும் ஃபோல்டரில் கிடந்தால் ஆட்டோகேட் தானாகவே அதை ஏற்றிக்கொள்ளும். அதைப் பயன்படுத்தித்தான் பரவுகிறது. முதலில் ஆட்டோகேட்டை மூடுங்கள். கம்ப்யூட்டர் முழுக்க, ஆட்டோகேட்டின் சப்போர்ட் ஃபோல்டர் உட்பட, அந்தப் பெயரிலும் ஏகேட்.விஎல்எக்ஸ், ஏகேட்.எஃப்ஏஎஸ் என்ற பெயர்களிலும் தேடி அழியுங்கள். உங்கள் அலுவலகமே எழுதி வைத்த கோப்பு அந்தப் பெயரில் இருந்தால் அதை மட்டும் நோட்பேடில் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு ஆட்டோகேட்டில் செக்யூர்லோட் மதிப்பை 1 என்றும், லெகஸிகோட்சர்ச் மதிப்பை 0 என்றும் வையுங்கள். பென் டிரைவையும் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

சின்னச் சின்ன கேள்விகள்

ஹாட்ச் (மூடிய பகுதியைக் கோடுகளால் நிரப்புவது) நிரம்பவில்லை என்றால் எல்லைக்கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது. ஆட்டோகேட் அந்த இடத்தைச் சிவப்பு வட்டத்தால் காட்டும், பெரிதாக்கிப் பார்த்து மூடுங்கள். விட்டுவிட்டு வர வேண்டிய கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் எல்டிஸ்கேல் மதிப்பை மாற்றுங்கள்.

ஸ்கெட்ச்அப் மெதுவாகிவிட்டது என்பவர்கள், இணையத்திலிருந்து இறக்கிய சோபாவையும் செடியையும் சந்தேகப்படுங்கள். வீடு முழுக்க இருக்கும் கோடுகளைவிட ஒரு செடியில் அதிகமாக இருக்கும். மாடல் இன்ஃபோவில் ஸ்டாடிஸ்டிக்ஸ் போய், பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் அன்யூஸ்ட் அழுத்துங்கள். வரையும்போது நிழலை அணைத்து வையுங்கள்.

பிளானில் ‘பூஜை அறை’ என்று தமிழில் எழுதினால் கேள்விக்குறிகளாக வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோகேட்டோடு வரும் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. டெக்ஸ்ட் ஸ்டைலில் நிர்மலா யூஐ அல்லது லதா என்று மாற்றினால் சரியாகும். பழைய கோப்பில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியிருந்தால் எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது, வரிகளையும் யூனிகோடுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். பிரிண்டுக்குக் கடைக்குப் போகும்போது டிடபிள்யூஜி கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அந்தக் கடை கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.