ரேம் 68 சதவீதம் காட்டினால் புது ரேம் வாங்கணுமா?

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ரேம், விண்டோஸ் 11. நான் டேலியில் லுங்கி வியாபாரக் கணக்கு போடுகிறேன், மகள் க்ரோமில் படிக்கிறாள். கொஞ்ச நாளாக ரொம்ப மெதுவாகிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 5.3/7.8 (68%) என்று நிற்கிறது. ஓடும் புரோகிராம்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்றரை ஜி.பி.தான் வருகிறது. மீதி எங்கே போனது, வைரஸா? வேலூரில் ஒரு கடையில் இன்னொரு 8 ஜி.பி. போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் ரேம் பற்றாக்குறை தெரியவில்லை.

கணக்கு இடிப்பதை வைத்து வைரஸ் என்று பயப்படாதீர்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று வைத்திருக்கும் ரேம் மட்டும்தான் வரும். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துவதும், விண்டோஸும், கருவிகளை இயக்கும் டிரைவர் புரோகிராம்களும் உள்ளே எடுத்துக்கொள்வதும் அதில் சேராது. அதனால் கூட்டுத்தொகை எப்போதும் குறைவாகவே வரும். 8 இல்லாமல் 7.8 என்று காட்டுவதும் பழுதில்லை. கிராபிக்ஸ் போன்றவற்றுக்காகக் கொஞ்சம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியைத் திறங்கள். 'கேச்டு' என்று ஒரு எண் இருக்கும். அடிக்கடி எடுக்கும் பருப்பு டப்பாவைப் பரணில் ஏற்றாமல் அடுப்படியிலேயே வைத்துக்கொள்வது போல, முன்பு திறந்த ஃபைல்களை விண்டோஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்திருக்கிறது. வேறு புரோகிராம் இடம் கேட்டால் உடனே கொடுத்துவிடும். அதனால் அதில் பெரும்பகுதி 'அவைலபிள்' கணக்கிலேயே இருக்கும். இந்த இடத்தைக் 'காலி செய்து தருகிறோம்' என்று வரும் ரேம் க்ளீனர்களுக்கு ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் 'கமிட்டெட்' எண் 8-ஐத் தாண்டியிருந்தாலும் கவலை வேண்டாம். ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் பேஜ் ஃபைலையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது.

கம்ப்யூட்டர் திணறும் அந்த நேரத்தில் மெமரியையும் டிஸ்க்கையும் சேர்த்துப் பாருங்கள். மெமரி 90-ஐத் தாண்டி, 'அவைலபிள்' சில நூறு எம்.பி.க்கு இறங்கி, டிஸ்க்கும் 100-ல் நின்றால் ரேம் போதவில்லை, கடைக்காரர் சொன்னது சரி. மெமரி இதே 68-ல் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். டிஸ்க் பெயருக்குக் கீழே எச்.டி.டி. (சுழலும் தட்டு உள்ள பழைய வகை டிஸ்க்) என்று எழுதியிருந்தால் அந்தப் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். ஆன் செய்வதிலிருந்து டேலி திறப்பது வரை வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். என் ஊகம், உங்களுக்குத் தேவைப்படுவது இதுதான்.

ரேம்தான் என்று முடிவானால், மெமரி பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்பதில் காலி ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) இருக்கிறதா பாருங்கள். ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று வகைகள் உண்டு; டி.டி.ஆர்.4 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.5 உட்காராது, அதையும் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பரும் வாரன்டியும் எழுதி வாங்குங்கள். கடையிலேயே ஆன் செய்து, மொத்தம் 15-க்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: மகனுக்கு லேப்டாப் பார்க்கிறேன். 4 ஜி.பி. மாடல் விலை குறைவு, பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: 4 ஜி.பி. என்பது விண்டோஸ் 11 ஏறுவதற்கான குறைந்தபட்ச அளவு, நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு இல்லை. விண்டோஸ் எடுத்தது போக பிரவுசருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்புறம், மெலிதான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டி வருகிறது. தனியாக ஸ்லாட்டும் இல்லையென்றால் கூட்டவே முடியாது. மாடல் நம்பரை வாங்கி, தயாரித்த கம்பெனியின் தளத்தில் ஸ்லாட் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் 8 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள்.