19 அடியா, 22 அடியா?

கேள்வி: கோடை வார இறுதிகளில் சிம்கோ ஏரிக்கு இழுத்துச் செல்வதற்காக, முன்புறத்தில் சிறிய படுக்கையறை உள்ள ‘கடி கேபின்’ படகு ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியுள்ளோம். 19 அடியில் ஒன்றும் 22 அடியில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. எங்கள் வாகனம் 5,000 இறாத்தல் வரை இழுக்கும். எதை வாங்கலாம்?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: ஒவ்வொரு வாரமும் இழுத்துச் செல்வதானால் 19 அடிப் படகையே வாங்குங்கள். விளம்பரத்தில் காணும் எடை பெரும்பாலும் எரிபொருளும் ட்ரெய்லரும் சேராத வெற்றுப் படகின் எடையாகும். இவ்வகை 22 அடிப் படகு தனியாகவே ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கும். அதனுடன் இரட்டை அச்சு ட்ரெய்லருக்கு நானூறு கிலோவுக்கு மேலும், 200 லீட்டர் பெற்றோலுக்கு 150 கிலோ அளவும் கூட்டினால், நங்கூரமும் குளிர்ப்பெட்டியும் ஏறுவதற்கு முன்பே உங்கள் வாகனத்தின் எல்லையான 2,268 கிலோவைத் தாண்டிவிடும். 19 அடிப் படகோ எல்லாம் சேர்த்து 1,700 கிலோ அளவில் நின்றுவிடும். ஆனாலும் ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால், அது வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறிய படகில் இழப்பவையும் உண்டு. சிம்கோவில் காற்று எழுந்தால் அலைகள் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக வரும். அப்போது கனமான 22 அடிப் படகு அலையை வெட்டிச் செல்லும் இடத்தில் 19 அடிப் படகு குதிக்கும், வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். ஆறு மீற்றருக்கு உட்பட்ட படகென்பதால் 19 அடியில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று குறித்த தகடு இருக்கும். ஐவருடன் பொருட்களும் அதற்குள் அடங்குகின்றனவா என்று கணக்கிடுங்கள்.

இரவு தங்கும் எண்ணம் இருந்தால் அதைப் படகிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. நீங்கள் இருவரும் அந்த அறைக்குள் படுத்து, கதவை மூடி, பத்து நிமிடம் இருந்து பாருங்கள். கால்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் நான்கு கால்களும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். 22 அடியிலும் இதில் பெரிய மாற்றமில்லை. பிள்ளைகள் பகலில் உறங்கவும் மழைக்கு ஒதுங்கவுமே இந்த அறை உதவும். இயந்திரம் ஓடும்போது உள்ளே உறங்க விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும். கழிப்பறை வேண்டுமென்றால் மட்டும் 22 அடிக்கு ஒரு நியாயம் உண்டு, ஏனெனில் கழிவைத் தேக்கும் தொட்டியுடன் அதை நிலையாகப் பொருத்த 19 அடியில் இடம் கிடைப்பது அரிது. அம்மாவின் வசதியை எண்ணினால் இது சிறிய காரணமல்ல.

கோடை முழுவதும் மரீனா எனும் படகுத் தரிப்பிடத்தில் இடம் எடுத்துப் படகை நீரிலேயே விடுவதாக இருந்தால் என் பதில் 22 அடி என்று மாறும். ஆனால் அங்கும், குளிர்கால வைப்பிடத்திலும், பொதுவாக அடிக்கணக்கில்தான் கட்டணம்.

எதுவாயினும், பணம் கொடுக்கும் முன் இயந்திரப் பெட்டியைச் சுற்றிய தளத்தையும், இயந்திரம் பொருந்தியிருக்கும் பின்சுவரையும் அழுத்தியும் தட்டியும் பாருங்கள். உள்ளிருக்கும் மரம் உக்கிப்போய் அவை நெகிழ்ந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.