கீமோ போயிட்டிருக்கு, அம்மா வாக்கிங் போலாமா?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: அம்மாவுக்கு 54 வயசு, மார்பக புற்றுநோய், ஆபரேஷன் முடிஞ்சு 21 நாளைக்கு ஒருக்க கீமோ ஏத்துறாங்க, ரெண்டு முடிஞ்சிருக்கு. தினமும் வாக்கிங் போன மனுஷி, இப்ப சோர்வா இருக்குன்றாங்க, பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "பேசாம படுத்துக் கெட"ன்னு சொல்லிட்டுப் போறாங்க, என்ன பண்றதுன்னு.

நடக்கச் சொல்லுங்க தம்பி. கீமோ சோர்வு வயல் வேலை பாத்துட்டு வர்ற சோர்வு மாதிரி இல்ல, தூங்கி எந்திரிச்சா போயிடாது. படுக்கப் படுக்க தசை கரையும், அப்புறம் பாத்ரூம் போறதுக்கே மூச்சு வாங்கும், அதனால இன்னும் படுப்பாங்க. இந்த சோர்வைக் குறைக்க உடற்பயிற்சி அளவுக்கு ஆதாரம் இருக்கிற மாத்திரை எதுவும் இல்லைன்னே சொல்லலாம். பதட்டம், மனசு சோர்ந்து போறது இதுகளும் குறையும். கீமோ நடக்கும்போதே உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கன்னு அமெரிக்க புற்றுநோய் டாக்டர்கள் சங்கம் 2022-லயே வழிகாட்டுதல் குடுத்துட்டாங்க.

இலக்கு வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம் நடை, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஆனா முத நாளே அரை மணி நேரம்னு இழுத்துட்டுப் போயிடாதீங்க. கீமோவோட ஸ்டீராய்டும் குடுக்கிறதால முதல் ரெண்டு நாள் தெம்பா இருக்கிற மாதிரி இருக்கும், மூணாவது நாலாவது நாள் அப்படியே சாஞ்சிடுவாங்க, அதைப் பாத்து பயப்பட வேணாம், அந்த நாள்ல ஹால்லயே அஞ்சு நிமிஷம் காலைல, அஞ்சு நிமிஷம் சாயங்காலம் போதும். நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதான் சரியான வேகம். தசைக்கு ஜிம்மெல்லாம் வேணாம், கைப்பிடி இல்லாத நாற்காலில உக்காந்து கையை ஊனாம எந்திரிக்கச் சொல்லுங்க, எத்தனை முடியுதோ அத்தனை.

ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கையைத் தூக்கவே கூடாதுன்னு ஒரு பயம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு, அப்படியே வச்சிருந்தா தோள்பட்டை இறுகிடும், அப்புறம் ஜாக்கெட் போடவே கஷ்டம். தையல் ஆறினதும் சர்ஜன்கிட்ட கேட்டுட்டு விரலால சுவத்துல மேல மேல ஏறச் சொல்லுங்க. 2009-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் ஏற்கனவே கை வீங்கினவங்களே பயிற்சியாளர் கண்காணிப்புல மெல்ல மெல்ல வெயிட் கூட்டித் தூக்கியும் வீக்கம் அதிகமாகல.

வாட்ஸ்அப்ல உடற்பயிற்சி கேன்சரையே குணமாக்கும்னு சுத்துது, அதை நம்பி மருந்தை விட்டுடாதீங்க. 2025-ல ஒரு பெரிய ஆய்வு வந்தது நிஜம்தான், மூணு வருஷம் முறையா பயிற்சி செஞ்சவங்கள்ல எட்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க நூத்துக்கு 90, மத்தவங்கள்ல 83. ஆனா அது பெருங்குடல் புற்றுநோய்க்கு, அதுவும் ஆபரேஷன் கீமோ ரெண்டும் முடிஞ்சவங்களுக்கு. அம்மா விஷயம் வேற.

கீமோ ஏத்தி 7-லேர்ந்து 14 நாளைக்குள்ள நோய்க் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணு இறங்கும், அப்ப கூட்டமான பார்க் வேணாம், மொட்டை மாடி போதும். காய்ச்சல் 100.4 தொட்டா நடையும் வேணாம், வீட்ல வைத்தியமும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. ரத்த ரிப்போர்ட்ல பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) 50,000-க்குக் கீழ இருந்தா தசைக்கான பயிற்சியை நிறுத்திடுங்க, 20,000-க்குக் கீழன்னா டாக்டர் சொல்லாம எதுவும் செய்ய வேணாம். நெஞ்சு வலி, தலைசுத்தல், புதுசா எலும்பு வலி வந்தாலும் அப்படித்தான். சில கீமோ மருந்து இதயத்தையும் பாதிக்கும்ங்கிறதால எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

அடுத்து பேக்லிடாக்செல்னு மருந்து மாத்தினாங்கன்னா பாதம் மரத்துப் போகலாம், குத்தினா கூட தெரியாது, அப்ப வெறுங்கால் கூடவே கூடாது, வீட்டுக்குள்ளயும் பின்னாடி வார் வச்ச செருப்பு போட்டு, சுவத்தோரமா நடக்கட்டும்.