தேயாத ஜிங்க்: படகு உலோகம், துரு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் என்று வாங்கினேன். காந்தம் ஒட்டவில்லை. ஆனாலும் மூன்றே மாதத்தில் பழுப்புக் கறை. (காசிமேடு)

பதில்: காந்தத்தை நம்பாதீர்கள். எஸ்.எஸ்.ஸில் 202, 304 என்ற ரகங்கள் இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. கடலுக்கு வேண்டியது 316 ரகம். அதில் இரண்டு சதவீதத்துக்குமேல் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும். போல்ட் தலையில் அந்த ரகத்தின் அடையாளமான ஏ4 என்று அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் படகில் துரு. என்ன செய்யலாம்? (ராயபுரம்)

பதில்: எந்தப் பாகம், என்ன உலோகம், தண்ணீருக்கு மேலா கீழா? இந்த மூன்றும் இல்லாமல் வருகிற கடிதத்துக்கு என்ன பதில் சொல்வது? எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, சுக்கானுக்கும் ஷாஃப்டுக்கும் புது ஜிங்க் போட்டோம். ஆறு மாதம் ஆகியும் கொஞ்சம்கூடத் தேயவில்லை. நல்ல சரக்கு போலிருக்கிறது. அதையே மறுபடி வாங்கலாமா? (திருவொற்றியூர்)

பதில்: ஐயா, தேயாத ஜிங்க் வேலை செய்யாத ஜிங்க். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையத்தான் அந்தத் துத்தநாகக் கட்டியை மாட்டுகிறோம். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அது பாட்டரி. அதில் ஏதாவது ஒன்று கரைந்தே தீரும். ஜிங்க் கரையாவிட்டால் ப்ரொப்பெல்லர் கரையும்.

முதலில் ஜிங்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் உரிந்து வந்தால் காரணம் அதுதான். என் பொறுப்பில் இருந்த ஒரு விசைப்படகில் இப்படித்தான் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதற்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்ற அவசரத்தில், பட்டறையில் அடிப்பாகம் முழுவதும் ஒரே வீச்சில் பெயின்ட் அடித்தார்கள், ஜிங்க் மேலும் சேர்த்து. அடுத்த தடவை கரையேற்றியபோது ஜிங்க் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. ப்ரொப்பெல்லர் இலையின் ஓரமோ செம்பு நிறமாகச் சிவந்திருந்தது. சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டியது, ஓட்டாஞ்சில்லு மாதிரி மொத்தென்றது. ப்ரொப்பெல்லரின் உலோகக் கலவையில் இருந்த துத்தநாகம் வெளியேறி வெறும் கூடாகிவிட்ட உலோகம். இன்றும் அந்த நிறத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பெயின்ட் இல்லையென்றால் மல்டிமீட்டர் எடுங்கள். படகு கரையில் இருக்கும்போது ஜிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மின்தடை ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் தொடும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். பெயின்ட் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஜிங்கைத் துணியால் மூடிக் கட்டுங்கள்.

கேள்வி: துருவை எடுக்க மியூரியாட்டிக் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஊற்றலாமா? (காசிமேடு)

பதில்: கூடாது. அதிலிருக்கும் குளோரைடு இடுக்கில் தங்கி மறுபடி அரிக்கும்.

கேள்வி: முகத்துவாரத்தில்தான் ஓட்டுகிறோம், ஆற்றுத் தண்ணீர்தானே. அவுட்போர்டு எஞ்சினைத் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) தினமும் கழுவ வேண்டுமா? (எண்ணூர்)

பதில்: அலை ஏறும்போது அங்கே வருவது கடல். எஞ்சினுக்குள் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கலாம், நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அலுமினிய மூடியில் எஸ்.எஸ். போல்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. (எண்ணூர்)

பதில்: மேலே சொன்ன அதே பாட்டரிதான். இங்கே கரைவது அலுமினியம். கழற்றிச் சுத்தம் செய்து, நைலான் புஷ் (ஓட்டைக்குள் போல்டைச் சுற்றி இருக்கும் குழாய்), நைலான் வாஷர் வைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். வாஷர் மட்டும் வைத்தால் போதாது, ஓட்டைக்குள்ளும் உரசும்.