கேமரா கேள்வி பதில்: லைக்கா அடுத்து எந்த மவுண்டோடு வரும்?

லைக்காவின் எம் ஈவி1 கேமரா வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி லைக்காவைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. (மவுண்ட் என்றால் லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய். எந்த லென்ஸ் மாட்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.)

கேள்வி: லென்ஸ் மாற்றக்கூடிய புது வரிசை ஒன்றை லைக்கா கொண்டுவரப் போகிறது, அவர்களுடைய எம் வரிசை கேமராக்களை விடச் சின்னதாக, ஆட்டோஃபோகஸோடு இருக்கும் என்று ஒரே பேச்சாக இருக்கிறதே. நம்பலாமா சார்? (கோவை)

2013-ல் நானும் இப்படித்தான் நம்பினேன். அப்போது லைக்காவே 'மினி எம்' என்று சொல்லி ஆசை காட்டியது. உடனே ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தோம்: எம் லென்ஸ் மாட்டலாம், உள்ளே எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் குட்டித் திரை) இருக்கும், விலை பாதிதான் என்று. ஜூன் மாதம் திரையை விலக்கினால் உள்ளே இருந்தது எக்ஸ் வேரியோ. அதில் லென்ஸைக் கழற்றவே முடியாது. 28-70 மி.மீ.க்குச் சமமான ஜூம், அதுவும் வெளிச்சம் வாங்குவதில் கஞ்சன், எஃப்3.5-ல் தொடங்கி 6.4-ல் போய் நிற்கும். அந்த ஜூம் உண்மையிலேயே கூர்மையானது, கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை வருகிறார் என்று வாசலில் கோலம் போட்டுவிட்டுக் காத்திருந்தால், மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து இறங்கின மாதிரி ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஏப்ரலிலேயே லைக்கா டி வந்தது. லென்ஸ் மாற்றலாம், ஆட்டோஃபோகஸ் உண்டு, சின்னதுதான். ஆக, பேச்சு முழுப் பொய்யில்லை, ஒரு வருடம் முந்திவிட்டது, மவுண்டும் தப்பு. அன்றிலிருந்து இந்த மாதிரி பேச்சு காதில் விழுந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எந்த மவுண்ட்? அதற்குப் பதில் இல்லாமல் மெகாபிக்சல், எடை, விலை என்று மட்டும் அடுக்கினால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

கேள்வி: அப்படியானால் லைக்கா இனிமேல் புது மவுண்டே போடாது என்கிறீர்களா? (மதுரை)

போடாது என்பதுதான் என் கணிப்பு. பழைய கணக்கைப் புரட்டிப் பாருங்கள். 1964-ல் லைக்காஃப்ளெக்ஸோடு தொடங்கிய ஆர் மவுண்டை 2009-ல் முடித்துக்கொண்டார்கள். 2006-ல் பானசோனிக்கோடு சேர்ந்து டிஜிலக்ஸ் 3 என்று ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டில் ஒன்று செய்தார்கள், அதற்குத் தம்பியே பிறக்கவில்லை. 2008-ல் எஸ்2 என்று 30×45 மி.மீ. சென்சாரோடு ஒரு பெரிய கேமராவை அறிவித்தார்கள், அந்த எஸ் வரிசை 2020-ல் வந்த எஸ்3-யோடு நின்றது. டி கேமரா ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்தது. அதன் உடலைக் கையால் பாலிஷ் போடுவதை முக்கால் மணி நேர வீடியோவாகவே எடுத்து விளம்பரம் செய்தார்கள் (நான் பத்து நிமிடம் தாங்கினேன்). அந்த ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) வரிசையும் டிஎல், டிஎல்2, சிஎல் என்று போய் 2022-ல் ஓய்ந்தது.

ஆனால் டி-யோடு வந்த மவுண்ட் மட்டும் சாகவில்லை. 2015-ல் அதையே ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) எஸ்எல் கேமராவுக்கு மாட்டினார்கள், 2018-ல் பானசோனிக்கையும் சிக்மாவையும் கூட்டணிக்குள் இழுத்தார்கள், இன்றைக்கு அதுதான் எல் மவுண்ட். தனியாக ஒரு மவுண்டைத் தூக்கிச் சுமக்க லைக்கா கேனனோ சோனியோ அல்ல, சின்னக் கம்பெனி. ஒரு மவுண்ட் என்றால் கேமரா ஒன்று செய்தால் போதாது, பத்துப் பதினைந்து லென்ஸாவது செய்து கடையில் வைக்க வேண்டும், அப்போதுதான் வாங்குகிறவனுக்குத் தைரியம் வரும். கையில் ஏற்கெனவே எம், எல் என்று இரண்டு இருக்கும்போது மூன்றாவதற்கு எங்கே போவார்கள்?

கேள்வி: லைக்கா என்றால் தமிழ்ப் படம் தயாரிக்கும் கம்பெனியா? (தூத்துக்குடி)

இல்லை. விண்வெளிக்குப் போன நாயும் இல்லை. ஜெர்மனியில் வெட்ஸ்லர் ஊரில் இருக்கும் கம்பெனி. முதலாளி பெயர் லைட்ஸ், அவர் செய்தது கேமரா, இரண்டின் தலையையும் ஒட்டினால் லைக்கா. முதல் கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது.

கேள்வி: எம் ஈவி1-ல் ரேஞ்ச்ஃபைண்டரையே (தூரம் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்ய உதவும் பழைய ஏற்பாடு) தூக்கிவிட்டார்கள். அடுத்தது எம் மவுண்டில் ஆட்டோஃபோகஸ்தானே? (சென்னை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2025 அக்டோபரில் வந்த ஈவி1, எம்11-ன் அதே 60 மெகாபிக்சல் சென்சார்தான். கண்ணாடி ஜன்னல்களையும் ரேஞ்ச்ஃபைண்டரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் வைத்தார்கள். இதைக் கேட்டு மார்பில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்து ஜன்னல் வழியாக. ஒரு நண்பரின் எம்3-ஐ வாங்கிக்கொண்டு போய், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே அரை ரோல் ஃபிலிம் எடுத்த புண்ணியவான் நான்.

ஆனால் ஆட்டோஃபோகஸ் வேறு கதை. எம் லென்ஸில் மோட்டார் இல்லை, கேமராவோடு பேச மின்தொடர்பும் இல்லை. பின்பக்கம் இருக்கும் ஆறு கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைப் படித்துத்தான் இன்ன லென்ஸ் என்று கேமரா கண்டுகொள்கிறது. அந்த லென்ஸை நகர்த்த வேண்டுமென்றால் ஒன்று முழு லென்ஸையும் முன்னே தள்ள வேண்டும். சோனி கேமராவுக்கு மோட்டார் வைத்த அடாப்டர்கள் அதைத்தான் செய்கின்றன. மவுண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் எம்மில் 27.8 மி.மீ., சோனி இ மவுண்டில் 18, நடுவில் கிடைக்கும் 9.8 மி.மீ. இடத்தில் மோட்டாரைத் திணித்துவிட்டார்கள். எம் உடலிலேயே மாட்டும்போது அந்த இடம் ஏது?

இன்னொரு வழி, சென்சாரைப் பின்னே நகர்த்துவது. சிரிக்காதீர்கள், இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 1996-ல் வந்த கான்டாக்ஸ் ஏஎக்ஸ், ஃபிலிம் இருக்கும் பகுதியையே உள்ளே 10 மி.மீ. வரை முன்னும் பின்னும் ஓட்டி, கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய பழைய லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கொடுத்தது. ஆள் மட்டும் செங்கல் மாதிரி இருப்பார். எம்மின் அழகே அதன் ஒல்லியான உடம்பு, அதைக் கொழுக்க வைத்தால் யார் வாங்குவார்கள்? கையில் திருகி, பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் விழுந்த ஓரங்கள் நிறம் மாறுகிறதா என்று கவனித்து எடுப்பதுதான் ஈவி1-ன் வழி, அடுத்த எம்மிலும் இதேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சிஎல் மாதிரி சின்ன எல் மவுண்ட் கேமரா திரும்ப வருமா? எஸ்எல்3-ன் கனம் கழுத்தை இழுக்கிறது. (திருச்சி)

வந்தால் ஃபுல் ஃப்ரேமாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்மா 2019-லேயே எஃப்பி என்று உள்ளங்கை அளவில் ஃபுல் ஃப்ரேம் எல் மவுண்ட் கேமரா செய்துவிட்டது, ஆக சின்னதாகச் செய்ய முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. லைக்காவின் தயக்கம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: லென்ஸ் கழற்ற முடியாத கியூ3 நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அதே அளவில் லென்ஸ் கழற்றும் கேமராவைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் வயிற்றில் அடிக்கும். வதந்திகளில் எதற்காவது பந்தயம் கட்டச் சொன்னால் இதற்குக் கட்டுவேன், ஆனால் பெரிய தொகை இல்லை.

கேள்வி: சொந்தமாக சென்சார் செய்கிறார்களாமே, எதற்கு இந்த வேலை? (சேலம்)

செய்துகொண்டிருப்பதாக 2025-ல் லைக்காவின் தலைவரே சொன்னார். காரணம் புரிய எம்8-ஐப் பார்க்க வேண்டும். எம் லென்ஸின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் உட்காரும், அதனால் ஓரங்களுக்குப் போகும் வெளிச்சம் படுசாய்வாக விழும். சென்சார் மேலிருக்கும் கண்ணாடி தடிமனாக இருந்தால் மூலைகள் குழைந்துவிடும். அதற்காக 2006-ல் எம்8-ல் அந்தக் கண்ணாடியை மெல்லிசாக்கினார்கள். மூலைகள் தெளிவாயின, ஆனால் அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்து கறுப்பு நைலான் கோட்டெல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது! கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கோட் அப்படி இருந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள். கடைசியில் வாங்கினவர்களுக்கெல்லாம் லென்ஸ் முன்னால் மாட்ட ஆளுக்கு இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். எம்8-க்கும் எம்9-க்கும் சென்சார் கோடாக்கிடமிருந்து, 2012-ன் எம் 240-க்கு பெல்ஜியத்தின் சிமோசிஸ். இப்படி ஒவ்வொரு முறையும் வெளியாரிடம் போய் எங்கள் லென்ஸ் இப்படிப்பட்டது என்று கதை சொல்லி அளவெடுத்துத் தைப்பதற்குப் பதில் சொந்தத் தையல் மிஷின் வாங்கலாம் என்று நினைக்கிறார்கள் போல. எனக்கு இதுதான் புது மவுண்டு வராது என்பதற்கு இன்னொரு அறிகுறி. 1954-ல் தொடங்கிய எம் மவுண்டைக் கைவிடப் போகிறவன் அதற்காக சென்சார் தைப்பானா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன திருகு மவுண்ட் எல்மார் 50 மி.மீ. லென்ஸ் (லைக்காவின் பழைய வகை, திருகி மாட்டுவது) என்னிடம் இருக்கிறது. புது வரிசை வரும்வரை காத்திருக்கவா? (காரைக்குடி)

காத்திருக்க வேண்டாம். மவுண்டிலிருந்து சென்சார் அல்லது ஃபிலிம் வரை உள்ள தூரம் திருகு மவுண்டில் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8. அந்த ஒரு மில்லிமீட்டர் தற்செயல் இல்லை, 1954-ல் எம்3 செய்தபோதே பழைய லென்ஸ்காரர்களுக்காக ஒதுக்கியது. ஒரு மி.மீ. தடிமனில் ஒரு வளையம் போட்டால் தாத்தாவின் எல்மார் எந்த எம்மிலும் உட்காரும், ஈவி1 உட்பட. கையில் சோனியோ பானசோனிக்கோ இருந்தால் அதற்கும் சாதாரண அடாப்டர் கிடைக்கும். மாட்டுவதற்கு முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்து, நூல் நூலாக ஃபங்கஸ் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அந்த எல்மார் உள்ளே தள்ளி மடக்குகிற வகையாக இருந்தால் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு மடக்காதீர்கள், உள்ளே போய் எதையாவது இடிக்கும்.