நாற்காலி உயரத்தை நர்ஸ் ஏன் அளக்கிறார்?

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: என் மாமியாருக்கு 84 வயது. உடம்பு தளர்ந்திருந்தாலும் போன வாரம் வரை தானே குளித்து, தானே சாப்பிட்டு, பேரனின் பரீட்சைத் தேதியைக்கூட நினைவில் வைத்திருந்தார். மூன்று நாளாக ஆளே மாறிவிட்டார். பகல் முழுக்கத் தூக்கம். எழுப்பினால் என்னைப் பார்த்து "நீ யாரு?" என்கிறார். இரவில் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார். காய்ச்சல் இல்லை. "வயசானா இப்படித்தான், மறதி நோய் வந்திருக்கும்" என்கிறார்கள் வீட்டில். அடுத்த மாதம் டாக்டரிடம் போகும்போது சொன்னால் போதுமா?

ப: போதாதும்மா. உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, "இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். மூன்று நாளில் ஒருவர் மாறிப்போனால் அதற்குப் பெயர் வேறு. டெலிரியம் என்பார்கள், அதாவது திடீர்க் குழப்பம். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அது தலையில் தெரிகிறது. நுரையீரலிலோ சிறுநீரிலோ கிருமித்தொற்று இருக்கலாம். தண்ணீர் குறைந்திருக்கலாம். நாலு நாள் மலச்சிக்கலாக இருக்கலாம். புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரையோ, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிய மாத்திரையோகூடக் காரணமாகலாம். கத்திக் கூச்சல் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். உங்கள் மாமியார் மாதிரி பேசாமல் தூங்கிக்கொண்டிருந்தால், "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இந்த அமைதியான வகைதான் அதிகம் தவறவிடப்படுவது.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். இரண்டு நாளாக உளறல், கட்டிலை விட்டு இறங்க ஓயாத முயற்சி. வீட்டார் தூக்க மாத்திரை கேட்டார்கள். நான் அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி ஒரு மேடு. சிறுநீர் வெளியேற முடியாமல் பை நிரம்பி நின்றது. "துணி நனையுதே, போறாரே" என்றார் மகள். நிரம்பி வழிந்ததுதான் அந்த நனைச்சல். டாக்டரிடம் பேசி டியூப் போட்டோம். மறுநாள் காலை என்னைப் பார்த்து, "நீங்க நேத்தே வந்திருக்கலாமே" என்றார், முழு நினைவோடு.

காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். வயதானவர்களுக்கு நிமோனியாவே வந்தாலும் தெர்மாமீட்டர் பேசாமல் இருக்கலாம். இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், "அம்மா இன்னிக்குச் சரியா இல்ல" என்றார் மகள். நான் பார்த்தேன்: காய்ச்சல் இல்லை, பிபி 120-க்கு 70. அழகான எண் என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் அந்த அம்மாவை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பழைய குறிப்பைப் புரட்டினால், அவருடைய வழக்கமான பிபி 160. எனக்கு அழகாகத் தெரிந்த எண், அவருக்கு நாற்பது குறைவு. அன்றிலிருந்து என் நோட்டில் முதல் வரியாக வீட்டார் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். பிபி எல்லாம் அப்புறம்தான்.

கனடாவைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் கென்னத் ராக்வுட்டும் அவரது குழுவினரும் 2005-ல் வெளியிட்ட தளர்ச்சி அளவுகோல் ஒன்று உண்டு. முதலில் ஏழு படிகள், இப்போது ஒன்பது. திடமாக ஓடியாடுபவர் ஒன்று, இறுதிக் கட்டத்தில் இருப்பவர் ஒன்பது. உடம்பு சரியில்லாத நேரத்தில் அதைப் போடும்போது இன்றைய நிலையைப் பார்க்கக் கூடாது; இரண்டு வாரத்துக்கு முன்பு எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதில் எந்த நர்ஸிடமும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. "பரீட்சைத் தேதியை நினைவில் வைத்திருந்தார்" என்று எழுதினீர்களே, டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில்: கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காதுக் கருவியை மாட்டுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, காத்திருக்கவே வேண்டாம். உடனே ஆம்புலன்ஸ்.

கே: அப்பாவுக்கு 81 வயது. தனியாக இருக்கிறார். நான் வெளியூரில். முதியோர் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லி ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார்கள். இரண்டு மணி நேரம் இருந்தார். ஊசி இல்லை, மருந்து இல்லை. அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லி வாட்சைப் பார்த்தாராம். நாற்காலியை டேப் வைத்து அளந்தாராம். மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டினாராம். இதற்கு ஒரு நர்ஸ் எதற்கு?

ப: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போகும் வீடுகளில் பாதியில் இந்தக் கேள்விதான். நீங்கள் எழுதிவிட்டீர்கள், மற்றவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

வாட்ச் விஷயம் முதலில். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? 1991-லிருந்து புழக்கத்தில் உள்ள பரிசோதனை இது. 12 நொடிக்கு மேல் போனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். எனக்கு நொடியைவிட நடுவில் நடப்பவைதான் முக்கியம். எழும்போது இரண்டு முறை முயற்சி செய்தாரா? திரும்பும்போது சுவரைப் பிடித்தாரா? நான் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாரா? உட்காரும்போது தொப்பென்று விழுந்தாரா? ஆஸ்பத்திரிப் பளிங்குத் தரையில் நன்றாக நடப்பவர், வீட்டில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள மிதியடியில் தடுக்குவார். அதைப் பார்க்கத்தான் வீட்டுக்கே வருகிறோம்.

நாற்காலி: உள்ளங்கால் தரையில் பதிந்து, முட்டி இடுப்பைவிட மேலே போகாமல் இருக்க வேண்டும். தாழ்வான சோபாவில் புதைந்தவர் எழ முடியாமல் எழ முடியாமல், கடைசியில் எழுவதையே விட்டுவிடுவார். "அப்பா நடக்கிறதையே குறைச்சுட்டார்" என்று வீட்டில் கவலைப்படுவார்கள். கால்களுக்குக் கீழே நாலு மரக்கட்டை வைத்து நாற்காலியை ஆடாமல் உயர்த்தியதும் நடக்க ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையைக் கொட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. மருந்துச் சீட்டில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றாக இருந்த வீட்டை விரல்விட்டு எண்ணலாம். இரண்டு டாக்டர்கள், இரண்டு கம்பெனிப் பெயர்கள், உள்ளே ஒரே மருந்து: தினமும் இரட்டிப்பு. எதற்கென்றே யாருக்கும் தெரியாமல் ஆறு வருடமாக ஓடும் ஒரு மாத்திரை. நாங்கள் எதையும் நிறுத்திவிட மாட்டோம். பட்டியல் எழுதி டாக்டருக்கு அனுப்புவோம். நீங்களும் தானாக நிறுத்தாதீர்கள். முக்கியமாகத் தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் ஆபத்து.

இன்னொன்றும் செய்திருப்பார், அப்பா சொல்ல மறந்திருப்பார்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு பிபி, எழுந்து நின்றதும் ஒன்று, மூன்று நிமிடத்தில் மற்றொன்று. மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ, எழுந்ததும் ஏன் தலை சுற்றுகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. உட்கார்ந்தபடி பார்க்கும் பிபியில் இது தெரியாமலே போகும்.

இந்த வேலை எப்படி ஆரம்பித்தது தெரியுமா? இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக் கிடந்த மனைவியைக் கவனிக்க மேரி ராபின்சன் என்ற நர்ஸை வைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு, 1859-ல், அதே நர்ஸை ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும்படி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரே மாதத்தில் அவர், "இந்தத் துயரத்தை என்னால் பார்க்க முடியவில்லை, விட்டுவிடுங்கள்" என்று வந்து நின்றாராம். ராத்போன் சமாதானப்படுத்தி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்ததும் அந்த அம்மா வேலையை விட மறுத்துவிட்டார். அழுதுகொண்டே வந்து நின்ற அந்த முதல் மாதத்தை எங்களில் எல்லோரும் கடந்துதான் வந்திருக்கிறோம்.

நர்ஸ் எழுதி வைத்த தாளை அப்பாவிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் சந்தேகம் இருந்தால் அவருக்கே போன் செய்யுங்கள். எங்களுக்கு அது பிடிக்கும்.

கே: பாட்டி நடந்தால் விழுந்துவிடுவார் என்று பயந்து படுக்கையிலேயே வைத்திருக்கிறோம். சரிதானே?

ப: சரியில்லை. ஆரோக்கியமாக நடமாடிய முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. பத்தே நாளில் கால்களின் தசை மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்திருந்தது. உங்கள் பாட்டிக்கு இழக்க அவ்வளவு தசை இருக்காது. விழாமல் இருக்கப் படுக்க வைத்தால், எழுந்த அன்று கட்டாயம் விழுவார். சாப்பிட நாற்காலி, கழிப்பறைக்கு நடை, பக்கத்தில் ஓர் ஆள். இதிலிருந்து தொடங்குங்கள்.

கே: படுத்த படுக்கையான பெரியப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே தோல் நிறம் மாறியிருக்கிறது. காற்று அடைத்த வளையம் வாங்கி வைக்கலாமா? பவுடர் போட்டுத் தேய்க்கலாமா?

ப: இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். தேய்த்தால், நொந்த தோல் கிழியும்.

நிறம் மாறிய இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி நிறம் வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது. புத்தகங்களில் "சிவப்பு" என்று போட்டிருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரிகிறது? அங்கெல்லாம் கண்ணை நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதே அர்த்தம்தான்.

நேர் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். குதிகாலை மறந்துவிடுவார்கள்: கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருக்கட்டும். உங்கள் கையைக் கீழே விட்டுப் பாருங்கள், தடங்கலில்லாமல் போக வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்பதைத் தோலைப் பார்த்து நர்ஸ் முடிவு செய்யட்டும். இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு 82. பக்கவாதம் வந்து மூன்று வருடம். நான்தான் எல்லாம் பார்க்கிறேன். அவர் எழும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறேன். எனக்கு 76. எனக்கு ஒன்றுமில்லை, இடுப்பு மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. அவருக்குக் கை வலிக்காமல் தூக்குவது எப்படி?

ப: அம்மா, தூக்காதீர்கள். அக்குளில் பிடித்து இழுத்தால், பக்கவாதம் வந்த தோள் மூட்டிலிருந்து நழுவும். உங்கள் இடுப்பும் போகும். அவரே எழ வேண்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் நாற்காலியின் முன் நுனிக்கு நகரச் சொல்லுங்கள். பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுத்து வைக்கட்டும். அப்புறம், மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியட்டும். நல்ல கையால் நாற்காலிப் பிடியை அழுத்தச் சொல்லுங்கள். குனியாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் பின்னால் விழுகிறார். இரண்டு மூன்று முறை முயன்றும் முடியவில்லையென்றால் அவருக்கு வேறு சாதனம் தேவை. உங்கள் பலத்தால் அதை ஈடுகட்ட முடியாது. பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் நேரில் வந்து காட்ட வேண்டிய விஷயம் அது.

அப்புறம், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதி, அதே வரியில் இடுப்பு வலியையும் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள்? கடைசியாக எப்போது உங்களுக்கென்று டாக்டரிடம் போனீர்கள்? போன வருடத்துச் சட்டை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா? அடுத்த முறை நர்ஸ் வரும்போது, அவருக்கு பிபி பார்த்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டுங்கள். நோட்டில் உங்கள் பெயருக்கும் ஒரு பக்கம் போடச் சொல்லுங்கள்.