எச்ஓஏ கட்டணம் குறைவாக இருந்தால் அது லாபமா?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் முதல் வீடு வாங்க இருக்கிறோம். இரண்டு டவுன்ஹோம்கள் பிடித்திருக்கின்றன, விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு (எச்ஓஏ) ஒன்றில் மாதம் 310 டாலரும் மற்றதில் 465 டாலரும் கட்ட வேண்டும். கட்டணம் குறைந்த வீட்டையே எடுக்கலாம் என்கிறார் என் கணவர். முடிவெடுக்கும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கணவர் சொல்வதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாதம் 155 டாலர் வித்தியாசம் என்பது, 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுகளுக்கு வாங்கும் ஏறத்தாழ 24,500 டாலர் கடனின் தவணைக்குச் சமம். கடன் தருபவர்களும் உங்கள் தகுதியைக் கணக்கிடும்போது எச்ஓஏ கட்டணத்தையும் மாதச் செலவில் சேர்த்தே பார்ப்பார்கள். ஆனால் அந்த 310 டாலர் உண்மையான செலவுக்குப் போதுமானதா, அல்லது வர இருக்கும் செலவைத் தள்ளிப்போட்டுக் குறைத்துக் காட்டிய தொகையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வீடுகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சங்கம் வசூலிக்கும் பணம் இரண்டு வழிகளில் போகிறது. தோட்டப் பராமரிப்பு, குப்பை, பொது விளக்குகள், காப்பீடு, நிர்வாக நிறுவனத்துக்கான ஊதியம் போன்ற அன்றாடச் செலவுகள் ஒரு வழி. கூரை, வெளிப்புறப் பெயின்ட், உட்சாலை, வேலி என்று பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைகளுக்காகச் சேர்த்துவைக்கும் ரிசர்வ் நிதி மற்றொரு வழி. அன்றாடச் செலவில் அதிகம் மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே கட்டணத்தை உயர்த்த மனமில்லாத சங்கம் கை வைப்பது பெரும்பாலும் ரிசர்வில்தான்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். 60 வீடுகள் உள்ள குடியிருப்பில் மூன்று ஆண்டுகளில் எல்லாக் கூரைகளையும் மாற்ற வேண்டும், அதற்கு 9 லட்சம் டாலர் ஆகும், கையிருப்போ 2,40,000 டாலர்தான் என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறையான 6,60,000 டாலரைப் பங்கிட்டால் வீட்டுக்கு 11,000 டாலர். அதற்குள் கட்டணம் உயர்ந்து ரிசர்வ் நிரம்பாவிட்டால், அந்தத் தொகை 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' என்ற பெயரில் அப்போதைய உரிமையாளரிடம் வந்து சேரும். பத்து ஆண்டுகள் குறைந்த கட்டணத்தில் வாழ்ந்துவிட்டு விற்றவர் போய்விட்டிருப்பார், நேற்று குடிவந்த நீங்கள் கட்டுவீர்கள். முதல் வீட்டுக்கு முன்பணம் கட்டிச் சேமிப்பெல்லாம் கரைந்திருக்கும் குடும்பத்துக்கு இது பேரிடி என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதை முன்கூட்டியே அறியும் உரிமையைக் கலிபோர்னியச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. 1985-இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டத்தின்படி, பெரிய பொறுப்புகள் உள்ள சங்கங்கள் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுச் சொத்துகளை நேரில் ஆய்வு செய்து, எந்தப் பகுதி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்ற ரிசர்வ் ஆய்வைத் தயாரிக்க வேண்டும். அதன் சுருக்கம் ஆண்டு பட்ஜெட் அறிக்கையோடு வரும். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ரிசர்வ் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, ஒரு வீட்டுக்குப் பற்றாக்குறை எவ்வளவு. 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை என்றும், 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்றும் இத்துறையினர் பொதுவாகக் கொள்கிறார்கள்.

விற்பவர் சங்கத்தின் விதிகள், பட்ஜெட், நிலுவை விவரம் முதலியவற்றைத் தந்தாக வேண்டும். ஆனால் கடந்த 12 மாத நிர்வாகக் குழுக் கூட்டங்களின் குறிப்புகள், நீங்கள் கேட்டால்தான் வரும். கட்டாயம் கேளுங்கள். மழைநீர் ஒழுகல், காப்பீட்டு நிறுவனம் விலகியது, ஒப்பந்தக்காரரோடு வழக்கு என்று பட்ஜெட்டில் தெரியாத பலவும் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

டவுன்ஹோம் என்பது கட்டடத்தின் தோற்றத்தைக் குறிக்கும் பெயர்தான். சட்டப்படி அது, வீட்டின் உட்பகுதி மட்டும் உங்களுடையதாகவும் கட்டடமும் மனையும் பொதுவாகவும் இருக்கும் கான்டோவாகவும் இருக்கலாம், மனையும் உங்களுக்கே சொந்தமான திட்டக் குடியிருப்பாகவும் இருக்கலாம். பின்னதில் கூரையும் வெளிச்சுவரும் பல இடங்களில் உங்கள் சொந்தப் பொறுப்பு. அப்படியானால் 310 டாலரில் கூரைக்கான பங்கே இல்லாமல், 465 டாலரில் அது அடக்கமாக இருக்கக்கூடும். சிசிஅண்ட்ஆர் என்று சொல்லப்படும் விதித் தொகுப்பில் பராமரிப்புப் பொறுப்பு பற்றிய பகுதியை வரி விடாமல் படியுங்கள். காப்பீட்டிலும் இதே கேள்வி எழும்: சங்கத்தின் பாலிசி சுவரோடு நிற்கிறதா, உள்ளே இருப்பவற்றையும் காக்கிறதா என்பதைப் பொறுத்தே நீங்கள் தனியாக எடுக்க வேண்டிய பாலிசி அமையும்.

கான்டோவாக இருந்து, ஒரே கட்டடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் இருந்தால் பால்கனி ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 2015-இல் பெர்க்லியில் மரம் உளுத்த பால்கனி இடிந்து ஆறு பேர் உயிரிழந்த பிறகு வந்த சட்டம், மரத்தால் தாங்கப்படும் உயரமான பால்கனிகளின் முதல் ஆய்வை 2025 ஜனவரி 1-க்குள் முடிக்கச் சொன்னது. இன்னும் அறிக்கை இல்லாத சங்கம், தன் மற்றக் கடமைகளை எப்படிச் செய்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய கட்டணம் நிலையானது அல்ல. உறுப்பினர்களின் வாக்கெடுப்பு இல்லாமலே நிர்வாகக் குழு அதை ஆண்டுக்கு 20 சதவீதம் வரை உயர்த்தலாம். ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டைப் பொறுத்தவரை, அவ்வாண்டு பட்ஜெட் செலவில் 5 சதவீதம் வரை அதே அதிகாரம் உண்டு, அவசரநிலைக்கு இந்த வரம்புகளும் இல்லை. கட்டாமல் விட்டால் சங்கம் நிலுவைக்கு ஈடாக வீட்டின் மீது 'லீன்' என்ற உரிமையைப் பதிந்து, நிலுவை 1,800 டாலரை எட்டினாலோ 12 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். இந்தக் கட்டணம் பெரும்பாலும் மார்ட்கேஜ் தவணையோடு சேர்ந்து போகாது, தனியாகக் கட்ட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு இதில் வருமான வரிக் கழிவும் கிடையாது.

இரண்டு சங்கங்களின் ஆவணங்களையும் இப்போதே உங்கள் ரியல்டர் மூலம் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்திலிருந்து முன்பணத்தை இழக்காமல் விலகுவதற்கான அவகாசம் முடியும் முன்பே அவை கையில் இருக்க வேண்டும். 310 டாலர் வீட்டில் பற்றாக்குறை பெரிதாகத் தெரிந்தால், அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். விற்பவர் மறுத்தால், 465 டாலர் வீட்டின் எண்கள் சீராக இருக்கும் பட்சத்தில், நான் அதையே எடுக்கச் சொல்வேன்.